வெள்ளச்சியின் மூன்றாம் பாகம்

காசிநாதன் வாத்தியார் எழுதிய நாவலைப் படித்து முடிக்க எனக்குப் பதினேழு வருஷம் ஆனது. மூன்று பாகத்தையும் சேர்த்து அடுக்கினால் ஒரு செங்கல் உயரம்கூட வராது. ஆனால் முதல் பாகம் கைக்கு வந்தபோது எனக்குப் பதினேழு வயது. மூன்றாவது வந்தபோது என் மூத்த மகள் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

என் அத்தா ஜாபருக்குக் கள்ளக்குறிச்சியில் மளிகைக் கடை. காசிநாதன் வாத்தியார் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் ஒரு விடுதிப் பள்ளியில் வேலை பார்த்தார். சனிக்கிழமை தோறும் மலையிறங்கி வந்து விடுதிக்கு வேண்டிய பருப்பு, புளி, எண்ணெய் எல்லாம் எங்கள் கடையில்தான் வாங்குவார். ஒல்லியான மனிதர். மூட்டை கட்டி முடிக்கும்வரை அரிசிச் சாக்கின்மேல் உட்கார்ந்து அத்தாவோடு பேசிக்கொண்டிருப்பார் என்று கேள்வி. நான் அவரை அப்போது பார்த்ததில்லை.

எழுபத்து மூன்றில் ஒரு சனிக்கிழமை மதியம் சாப்பிட வந்த அத்தா ஒரு புத்தகத்தை என்னிடம் கொடுத்தார்.

"வாத்தியாரு பொஸ்தகம் எழுதிக்கிறாரும்மா. நமக்கு இன்னா தெரியும் அதுல? நீ படி."

எட்டாம் வகுப்போடு என்னை வீட்டில் நிறுத்தியிருந்தார்கள். பொட்டலம் கட்ட வரும் பழைய பத்திரிகைகளை எல்லாம் கிழிபடும் முன்பே படித்துவிடுகிறவள் நான். தைத்த முதுகோடு, அட்டையோடு ஒரு புத்தகம் எனக்கென்று வந்தது அதுதான் முதல் தடவை. அட்டையில் 'வெள்ளச்சி' என்று இருந்தது. உள்ளே சின்ன எழுத்தில் 'மூன்று பாகங்களில் முதல் பாகம்' என்று போட்டிருந்தார்கள். அந்த வரியை நான் பொருட்படுத்தவே இல்லை.

பின்கட்டில் குஞ்சம்மாள் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள்; நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கருணாபுரத்துப் பெண். என்னைவிட ஒரு வயது மூத்தவள். புளி கொட்டை எடுப்பது, மிளகாய் காம்பு கிள்ளுவது, மல்லாட்டை உடைப்பது என்று கடைக்கு வரும் வேலைக்கெல்லாம் அவள்தான். எனக்கு வாய்விட்டு முணுமுணுத்துப் படிக்கிற பழக்கம். நாலு பக்கம் போவதற்குள் அவள் தலையைத் தூக்கினாள்.

"இன்னா பாப்பா, வெள்ளச்சி வெள்ளச்சின்ற, யாரு அவ?"

"கதையில வர்றவ."

"அப்ப மொதல்லேருந்து படி. நடுவுல படிச்சா எனக்கு இன்னா புரியும்?"

அப்படி ஆரம்பித்தது. தினமும் மதியம் அத்தா கடைக்குத் திரும்பியதும் நான் முறத்துக்கு எதிரில் உட்கார்ந்து உரக்கப் படிப்பேன். அவள் உடைத்துக்கொண்டே கேட்பாள். வெள்ளச்சி மலையில் சாமை விதைத்துப் பிழைக்கிறவள். புருஷன் கரும்பு வெட்டக் கீழ்நாட்டுக்குப் போகிறான். பொங்கலுக்கு வருகிறேன் என்றவன் அடுத்த பொங்கலுக்கும் வரவில்லை. வெள்ளச்சி கடுக்காய் பொறுக்கி விற்றுப் பெண் குழந்தையை வளர்க்கிறாள். கடைசி அத்தியாயத்தில் குழந்தையை இடுப்பில் கட்டிக்கொண்டு அவனைத் தேடி மலைப்பாதையில் இறங்குகிறாள். மலையடிவாரத்து ஊரின் விளக்குகள் அவள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் புத்தகம் முடிந்துவிட்டது.

குஞ்சம்மாள் காத்திருந்தாள். நான் புத்தகத்தை மூடினேன்.

"அப்பறம்?"

"அவ்ளோதான்."

"அவ்ளோதானா? பக்கம் எதுனா கிழிஞ்சி போயிருக்கும், நல்லா பாரு பாப்பா."

அப்போதுதான் முன்பக்கத்துச் சின்ன எழுத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்கு வந்த கோபம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு பிடி மல்லாட்டையை முறத்தில் வீசினாள். "கைப்புள்ளையோட பொம்பளைய நட்ட நடு வழியில நிக்க வச்சிட்டு, இந்த ஆளு நம்ம கடையில வந்து வெல்லம் வாங்கிக்கினு போறாரா?"

அத்தாவிடம் சொல்லி வாத்தியாரைக் கேட்கச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை பதில் வந்தது. இன்னும் இரண்டு பாகம் வரவேண்டுமாம். எப்போது என்று அவருக்கே தெரியவில்லையாம்.

நாலு வருஷம் காத்திருந்தோம். எங்கள் வீட்டில் வெள்ளச்சி ஒரு ஆளாகவே ஆகிவிட்டாள். பெருமழை பெய்தால், "புள்ளைய வச்சிக்கினு எங்க ஒதுங்கினாளோ" என்பாள் குஞ்சம்மாள். சந்தைக்கு மலைக்காரப் பெண்கள் கடுக்காய் கூடையோடு வந்தால் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு வந்து சொல்லுவாள். "ஒருத்தி நின்னுக்கினு இருந்தா பாப்பா, அச்சு அசலா அவளேதான்." வெள்ளச்சியின் முகம் எப்படி இருக்கும் என்று வாத்தியார் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனாலும் அந்தப் பெண் எப்படி இருந்திருப்பாள் என்று எனக்குத் தெரிந்தது.

புருஷன் செத்துப்போயிருப்பான் என்பது என் கட்சி. உயிரோடு எங்கேயோ சுகமாக இருக்கிறான் என்பது அவள் கட்சி. இதைப் பேசியே எத்தனையோ மூட்டை மல்லாட்டை தீர்ந்தது.

எழுபத்தேழில் எனக்கு நிக்காஹ் நிச்சயமானது. மாப்பிள்ளை காஜா மைதீன், ரிஷிவந்தியத்தில் துணிக்கடை. கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது வாத்தியார் அத்தாவிடம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார். பிரித்தால் இரண்டாம் பாகம். முதல் பக்கத்தில் 'நான்கு வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ஷர்புன்னிசாவுக்கு' என்று மையில் எழுதியிருந்தார்.

வீடு நிறைய உறவுக்காரர்கள். குஞ்சம்மாளும் கல்யாண வேலைக்கு வந்திருந்தாள். கிடைத்த இடைவெளியில் எல்லாம் நெல் குதிர் இருந்த அறைக்குள் போய்ப் படித்தோம். மருதாணி வைத்த அன்று என் இரண்டு கையும் முழங்கைவரை கட்டுப்பட்டுக் கிடந்தன. புத்தகத்தை என் முகத்துக்கு நேராகக் குஞ்சம்மாள் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஆனால் என் கண் கீழ்வரிக்கு வருவதைப் பார்த்துச் சரியாகப் பக்கத்தைப் புரட்டினாள். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அந்த மதியத்தைப்போல ஒன்று எனக்குப் பிறகு வாய்க்கவே இல்லை. வெளியே பிரியாணிக்கு வெங்காயம் நறுக்கும் சத்தம், உள்ளே மருதாணி வாசம், முகத்துக்கு முன்னால் வெள்ளச்சி.

குஞ்சம்மாள் கட்சிதான் ஜெயித்தது. புருஷன் உயிரோடுதான் இருந்தான். சின்னசேலம் ஸ்டேஷன் பக்கத்தில் அலமேலு என்று ஒருத்தியைக் கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்தினான். வெள்ளச்சி தூரத்தில் நின்று அதைப் பார்க்கிறாள். பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போகவில்லை. அலமேலு வேலை செய்யும் அரிசி ஆலையிலேயே தானும் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறாள். அலமேலு நல்லவளாக இருந்து தொலைக்கிறாள். காய்ச்சலில் கிடந்த குழந்தைக்குக் கஞ்சி வைத்துத் தருகிறாள். இருவரும் ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிடும் அளவுக்குச் சிநேகமாகிவிடுகிறார்கள். கடைசிப் பக்கத்தில் அலமேலு கேட்கிறாள்: 'இத்தனை நாள் பழகியாச்சு, உன் புருஷன் பேரைச் சொன்னதே இல்லையே நீ?' வெள்ளச்சி வாயைத் திறந்தாள் என்று எழுதி, அங்கேயே முற்றுப்புள்ளி வைத்துவிட்டார் வாத்தியார்.

இந்த முறை குஞ்சம்மாள் கோபப்படவில்லை.

"சொல்லிடுவா," என்றேன் நான்.

"சொல்ல மாட்டா பாப்பா. சொன்னா ஒரே நிமிசத்துல ரெண்டு வூடு போயிடும்."

எனக்குப் புறப்படும் நாள் வந்தது. வண்டியில் ஏறுவதற்கு முன்னால் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மூணாவது வந்தா நான் இல்லாம படிச்சிடாத பாப்பா. சத்தியம் பண்ணு." பண்ணினேன்.

அதன்பிறகு பதின்மூன்று வருஷம் மூன்றாவது வரவில்லை.

இரண்டு பிள்ளைகள் பெற்றேன். கடைக் கணக்கிலிருந்து மாமியாருக்கு மருந்து வரை எல்லாம் என் தலையில். குஞ்சம்மாளுக்கும் கல்யாணம் ஆனதாகக் கேள்விப்பட்டேன். அடுத்து அவள் அம்மா இறந்து, குடும்பம் செங்கல் சூளைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அத்தாவும் மௌத்தானார். அத்தா இருந்தவரைக்கும் வாத்தியாரைப் பார்த்தபோதெல்லாம், "எம்பொண்ணு கேக்குதுங்க" என்று சொல்லத் தவறவில்லையாம். இதை வாத்தியாரே பிறகு சொன்னார்.

தொண்ணூறில் ஒரு நாள் காலை. ஈசுவரன் கோயிலைத் தாண்டி எங்கள் கடைக்கு ஒரு பெரியவர் வந்து நின்றார். தலை பஞ்சாக நரைத்திருந்தது. கையில் மஞ்சள் பை.

"ஜாபர் பாய் பொண்ணு வீடுங்களா?"

அப்போதுதான் காசிநாதன் வாத்தியாரை முதல்முறையாக நேரில் பார்த்தேன். ஓய்வு பெற்றுக் கச்சிராயபாளையத்தில் இருப்பதாகச் சொன்னார். பையிலிருந்து மூன்றாம் பாகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். என் வீட்டுக்காரர் டீ வரவழைத்தார்.

"ஏன் சார் இவ்வளவு நாள்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். "ரெண்டு தடவ முழுசா எழுதிக் கிழிச்சிட்டேம்மா. முடிக்கணும்னு உக்காந்தா யாராவது ஒருத்தியத் தண்டிக்கவேண்டியதா இருந்திச்சி. ஒரு தடவ வெள்ளச்சிய. ஒரு தடவ அலமேலுவ. மனசு கேக்கல. முதல் பாகம் எழுதுறது சுலபம்மா. எங்க வேணா நிறுத்தலாம். ரெண்டாவதையும் அப்படியே நிறுத்தலாம். மூணாவதுல அது முடியாது."

அவர் போனபிறகு புத்தகத்தை அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். என் வீட்டுக்காரருக்கு ஆச்சரியம்.

"பதிமூணு வருசமா இதத்தானே பேசிக்கினு இருந்த? படிக்கலியா?"

"குஞ்சம்மாள்கிட்ட சத்தியம் பண்ணிக்கிறேன்."

அவர் வாழ்க்கையில் நாவல் என்று ஒன்றைத் தொட்டதில்லை. நான் படிக்காமல் வைத்திருக்கிறேன் என்பதே அவருக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. ஒரு வாரம் கழித்துச் சாப்பிடும்போது என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். விசாரித்தால், மூன்று பாகத்தையும் கடையில் வைத்துப் படித்து முடித்திருக்கிறார்!

"ஒரு வார்த்த சொன்னீங்க, ஒங்களுக்குச் சோறு கெடையாது," என்றேன்.

"நான் இன்னா சொன்னேன்? அந்த அலமேலு..."

"ஏங்க!"

அவரால் தாங்க முடியவில்லை. யாரிடமாவது பேசியாகவேண்டும், நானோ படிக்கமாட்டேன் என்கிறேன். அதனால் குஞ்சம்மாளைத் தேடும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். கடைக்கு வரும் சூளைக்காரர்கள், லாரிக்காரர்கள், புடவை மூட்டை தூக்கி ஊர் ஊராகப் போகிறவர்கள் எல்லோரிடமும் விசாரித்தார். இரண்டு மாதத்தில் சேதி கிடைத்தது. சின்னசேலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜவ்வரிசி மில்லில் குஞ்சம்மாள் என்று ஒருத்தி இருக்கிறாள்.

கள்ளக்குறிச்சியில் பஸ் மாறிப் போனேன். மில்லின் களம் முழுக்க ஜவ்வரிசி காய்ந்துகொண்டிருந்தது. வெயிலில் கண்ணைத் திறக்க முடியவில்லை. சாப்பாட்டு மணி அடித்து, வேப்பமரத்தடியில் ஒரு பத்துப் பதினைந்து பெண்கள் தூக்கைத் திறந்துகொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் முகத்தில், புருவத்தில் மாவு. யார் குஞ்சம்மாள் என்று தெரியாமல் நின்றேன்.

"பாப்பா!"

அவள்தான். நரை எது மாவு எது என்று தெரியாத தலை. ஓடிவந்தவள், கை மாவாக இருப்பதைப் பார்த்துத் தொடாமல் நின்றுவிட்டாள். நான்தான் கட்டிக்கொண்டேன்.

"வந்துட்சி," என்றேன்.

எது என்று அவள் கேட்கவில்லை. "மெய்யாலுமா?" என்றாள்.

மரத்தடியிலிருந்து ஒருத்தி கத்தினாள். "ஏய், இவங்கதான் வெள்ளச்சி கத படிச்ச பாப்பாவா?"

அவர்கள் எல்லோருக்கும் வெள்ளச்சியைத் தெரிந்திருந்தது! சாப்பாட்டு வேளைகளில் முதல் இரண்டு பாகத்தையும் குஞ்சம்மாள் சொல்லியிருக்கிறாள். அது முடிந்ததும் மிச்சத்தைச் சொல்லு என்று விடவில்லையாம். வேறு வழியில்லாமல் மூன்றாவதை இவளே கட்டிச் சொல்லியிருக்கிறாள். அதுவும் ஒன்றல்ல. கேட்கிறவர்கள் மாறும்போதெல்லாம் மாற்றியிருக்கிறாள். ஒரு சமயம் புருஷன் ரயிலில் அடிபட்டான். ஒரு சமயம் கண் தெரியாமல் போய் இரண்டு பெண்களிடமும் கஞ்சி வாங்கிக் குடித்தான். எதில் என்ன ஆனாலும் வெள்ளச்சி மட்டும் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.

"அச்சுல போட்டது வேறயா இருந்தா எங்க மானம் போயிடும் பாப்பா," என்று குஞ்சம்மாள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். சாலம்மாள் என்று ஒருத்தி, எங்களோடு சிரிக்காதவள், எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். உயரமானவள். நான் குடித்து முடிக்கும்வரை சொம்புக்காக நின்றாள்.

அந்த வார விடுமுறைக்குக் குஞ்சம்மாள் ரிஷிவந்தியம் வந்தாள். காலை பிள்ளைகள் விளையாடப் போனதும் உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரர் கடையைத் திறந்துவிட்டுத் தண்ணீர் குடிக்க, சாவி எடுக்க என்று ஏதாவது சாக்கில் வந்து எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் பாகம் அலமேலு கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்கியது. வெள்ளச்சி சொல்லிவிட்டாள். புருஷன் பேரையும் சொன்னாள், ஊரையும் சொன்னாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று குஞ்சம்மாளை நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைக் கவனிக்கவில்லை. "படி பாப்பா," என்றாள்.

அடுத்த வரி அலமேலுவுடையது. 'எனக்கு முன்னாடியே தெரியும்.'

குஞ்சம்மாள் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. கதைக்கு அழுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"எங்கூட்டு ஆளு வீரமுத்துக்கு என்னக் கட்றதுக்கு முன்னாலயே ஒருத்தி இருந்தா பாப்பா. எனக்குத் தெரியாது. யாரும் இல்லன்னு சொல்லித்தான் கட்டினான். ஆறு வருசம் முன்னால அவ நம்ம மில்லுல வந்து சேந்தா. எதையும் சொல்லல. ஒருநா அவ பொண்ணு சோறு எடுத்தாந்துச்சி. அவனோட அதே புருவம், அதே சிரிப்பு. பாத்தவுடனே எனக்குப் புரிஞ்சிபோச்சி."

"யாரு குஞ்சு?"

"ஒனக்குத் தண்ணி குடுத்தாளே."

ஆறு வருஷமாக இரண்டு பேரும் ஒரே களத்தில் ஜவ்வரிசி காயவைத்திருக்கிறார்கள். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். குஞ்சம்மாள் அந்த மரத்தடியில் வெள்ளச்சி கதையைச் சொன்னபோதெல்லாம் சாலம்மாளும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வெள்ளச்சி வாயைத் திறக்கவே மாட்டாள் என்று இவள் ஏன் அப்படிச் சொல்லிச் சொல்லி முடித்தாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. பின்கட்டில் உட்கார்ந்து கேட்டபோது அவள் வெள்ளச்சி பக்கம் இருந்தாள். நடுவில் போன வருஷங்கள் அவளைக் கொண்டுபோய் அலமேலுவின் இடத்தில் உட்காரவைத்துவிட்டன.

மீதியை அன்றே படித்து முடித்தோம். வாத்தியார் வெள்ளச்சியையும் தண்டிக்கவில்லை, அலமேலுவையும் தண்டிக்கவில்லை. போகும்போது குஞ்சம்மாள் கேட்டாள். "மில்லுக்கு ஒருநா வந்து அந்த எடத்த மட்டும் படிக்கிறியா பாப்பா? நான் சொன்னா அது நான் கட்டினதுன்னு நெனைப்பாளுங்க. பொஸ்தகத்துல இருக்குறத நீ படி."

புதன்கிழமை போனேன். வேப்பமரத்தடியில் எல்லோரும் தூக்கைத் திறந்ததும் ஆரம்பித்தேன். வெள்ளச்சி சொல்லிவிட்டாள் என்றதும் ஒரே கூச்சல். 'எனக்கு முன்னாடியே தெரியும்' என்ற வரி வந்தபோது சத்தம் அடங்கியது. நான் சாலம்மாளைப் பார்க்கக்கூடாது என்று இருந்தேன். முடியவில்லை. அவள் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் இருந்தாள். பிறகு எழுந்துபோய்க் கையைக் கழுவிவிட்டு வந்து, குஞ்சம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"அந்தப் பொம்பள தெரிஞ்சிம் ஏன் இத்தினி நாளு சொல்லல?"

நான் பக்கத்தைப் புரட்டினேன். அதற்குள் குஞ்சம்மாள் பதில் சொன்னாள். "பயமா இருந்திருக்கும். சொன்னா இவ போயிடுவா. அப்பறம் யாருகூட ஒக்காந்து சோறு துன்றது?"

சாலம்மாள் தலையை ஆட்டினாள். "வெள்ளச்சியும் அதுக்குத்தான் சொல்லாம இருந்திருப்பா."

மற்ற பெண்கள் கதையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே நினைத்தார்கள். "நீங்க மேல படிங்கம்மா," என்று ஒருத்தி அதட்டினாள். நான் படித்தேன். எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் வீரமுத்து இருந்த குஞ்சம்மாள் வீட்டுக்கு ஒன்றாகவே நடந்து போனார்களாம். இரண்டு பேரும் ஒரே வாசலில் நிற்பதைப் பார்த்ததும் அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். பிறகு பெங்களூர் பக்கம் கட்டட வேலைக்குப் போனான். தீபாவளிக்கு வருவான், இரண்டு நாள் இருப்பான், அவ்வளவுதான். அந்த வருஷமே சாலம்மாள் தன் மகள் ஆண்டாளோடு குஞ்சம்மாள் வீட்டுக்குக் குடிவந்துவிட்டாள். குஞ்சம்மாளுக்குப் பிள்ளை இல்லை. ஆண்டாள் இரண்டு பேரையும் அம்மா என்றே கூப்பிட்டாள்.

தொண்ணூற்று நான்கில் ஆண்டாளுக்குக் கல்யாணம். நானும் என் வீட்டுக்காரரும் போயிருந்தோம். காசிநாதன் வாத்தியாருக்கும் நான் எழுதியிருந்தேன். கச்சிராயபாளையத்திலிருந்து மஞ்சள் பையோடு வந்துவிட்டார். குஞ்சம்மாளிடம் அவரைக் காட்டினேன். அவள் கும்பிடவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நீங்கதானா? அந்த ஆள ஏங்க சும்மா வுட்டீங்க? கடைசி பாகத்துல ஒரு தரம் பேரு வந்ததோட சரி அவனுக்கு!"

வாத்தியார் சிரித்தார். "அவனப்பத்தி எழுத எனக்கு ஒண்ணும் மிச்சம் இல்லம்மா."

"அதும் சரிதான்," என்றாள் அவள் சட்டென்று சமாதானமாகி. அவரைக் கூட்டிப்போய் முதல் வரிசையில் உட்காரவைத்து இலை போட்டாள். சாலம்மாள் சோறு பரிமாறினாள். குஞ்சம்மாள் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு எதிரில் குந்திக்கொண்டாள்.

"ஒங்களுக்குத்தான் மூணோட முடிஞ்சிட்சி. எங்க மில்லுல பொம்பளைங்க வுடல. இப்ப வெள்ளச்சி பொண்ணு கத ஓடிக்கினு இருக்கு."

"அப்படியா? அதுல என்ன ஆவுது?"

மேளக்காரர்கள் ஓய்ந்திருந்த நேரம். அவள் சொல்ல ஆரம்பித்தாள். வெள்ளச்சியின் பெண் வளர்ந்து மலைக்குத் திரும்பிப் போகிறாளாம், அங்கே அம்மாவின் சாமைக்காட்டை யாரோ வளைத்துப்போட்டிருக்கிறார்களாம். நானும் அந்தக் கதையை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். வாத்தியார் ஒருமுறை, "அந்தப் பொண்ணுக்கு அப்ப என்ன வயசு?" என்று குறுக்கிட்டார். மற்றபடி பேசவில்லை. பஸ் வந்துவிட்டதென்று யாரோ வந்து சொன்னார்கள். அடுத்த பஸ்ஸில் போகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, சோறு பிசைந்த கை இலையிலேயே காய்ந்துபோக அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.